கையில் உருட்டுவதா, திரையில் உருட்டுவதா? உங்கள் டேமேஜ் விதியைக் கேளுங்கள்

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் எங்கள் விளையாட்டு. போன கேம்பெயினில் (மாதக்கணக்கில் தொடரும் ஒரே கதையில்) எங்கள் குழுவின் பலாடின், அதாவது புனித வீரன், ஏறக்குறைய நான்கு மாதம் தப்பான டேமேஜ் (எதிரிக்கு விழும் அடியின் அளவு) கொடுத்துக்கொண்டிருந்தான். யாரும் கவனிக்கவில்லை. அவன் பொத்தானை அழுத்துவான், திரையில் 22 என்று வரும், ஆட்டத்தை நடத்தும் ஜிஎம் அரக்கனின் ஹெச்பியில் (உயிர்ப்புள்ளிகளில்) 22 கழிப்பார், அடுத்த ஆள். ஒருநாள் இணையம் படுத்துவிட்டது. பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பகடைகளை எடுத்து உருட்டினோம். அன்றைக்கும் ஒரு க்ரிட் (இருபது முகப் பகடையில் இருபது விழுந்து கிடைக்கும் பலத்த அடி) விழுந்தது. நான்கு டி6 (ஆறு முகப் பகடை) உருட்டி, 4 கூட்டி, "பதினேழு" என்றான். "எப்பவும் இதைவிட அதிகமா வருமே?" என்று பக்கத்தில் இருந்தவர் இழுத்தார். அப்புறம்தான் மேக்ரோவை, அதாவது பொத்தானுக்குப் பின்னால் எழுதிவைத்த கட்டளையை, திறந்து பார்த்தோம். க்ரிட் விழுந்தால் பகடையை மட்டும் இரட்டிப்பாக்கச் சொல்கிறது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. எங்கள் மேக்ரோ அந்த +4-ஐயும் சேர்த்து இரட்டிப்பாக்கியிருந்தது. மேக்ரோவை எழுதியது நான்தான்.

பகடைமேல் குற்றமில்லை. பகடையில் விழுந்த எண்ணுக்கும் ஹெச்பியில் குறைந்த எண்ணுக்கும் நடுவே இருந்த கணக்கில்தான் கோளாறு. கைப்பகடையா டிஜிட்டலா என்று பேச ஆரம்பித்தாலே பேச்சு இரண்டு இடத்துக்குத்தான் போகும்: கையில் உருட்டும் சுகம், திரையில் உருட்டும் வேகம். இரண்டும் உண்மைதான். ஆனால் முடிவெடுக்க அவை போதாது. நீங்கள் ஆடும் விளையாட்டில் எண் விழுந்தபிறகு என்னென்ன நடக்கிறது, அதில் எதை மனிதர் செய்ய வேண்டும், எதைக் கருவி செய்யலாம் என்று பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

தேர்வுகள் இரண்டு மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பகடை ஒன்று. எண்ணை மட்டும் உருட்டித் தரும் சாதாரண ரோலர் இன்னொன்று. போன் ஆப், டிஸ்கார்ட் பாட் எல்லாம் இந்த வகை. மூன்றாவது, கேரக்டர் ஷீட்டோடு (கதாபாத்திரத்தின் விவரத் தாளோடு) இணைந்த ரோலர். மாடிஃபையரை (அந்த +4 மாதிரி பகடையோடு சேரும் எண்ணை) அதுவே கூட்டும், க்ரிட்டா இல்லையா என்று அதுவே பார்க்கும். நான்காவது, ரோல்20, ஃபவுண்ட்ரி மாதிரியான மெய்நிகர் மேசையில் ஆட்டோமேஷனை முழுதாக ஏற்றிவைத்து, எதிரியின் ஹெச்பியையே கருவி குறைக்கும்படி விடுவது. ஐந்தாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: உருட்டாமலே சராசரி டேமேஜை எடுத்துக்கொள்வது.

திரைப்பகடை ஏமாற்றுமா?

இந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். "ஆப்ல உருட்டினா எனக்கு இருபதே விழாது" என்று சொல்லாத குழு கிடையாது. நியாயமான டி20-ஐ 20 முறை உருட்டினால் ஒரு இருபதுகூட விழாமல் போக நூற்றுக்கு 36 வாய்ப்பு இருக்கிறது. அதாவது ஒரு செஷனுக்கு 20 உருட்டல் என்றால், மூன்று செஷனில் ஒன்று அப்படி வறண்டு போவது இயல்பு. கைப்பகடையில் அது நடந்தால் பகடையை மாற்றுவோம். ஆப்பில் நடந்தால் ஆப்பைத் திட்டுவோம்.

இன்றைய மென்பொருள்கள் பயன்படுத்தும் போலி சமவாய்ப்பு எண் முறைகள், மெர்சென் ட்விஸ்டர் போன்றவை, பகடை உருட்டும் வேலைக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு வலுவானவை. வளிமண்டல இரைச்சலில் இருந்து எண் எடுக்கும் ரேண்டம்.ஆர்க் 1998 முதல் இருக்கிறது. குவாண்டம் மூலத்தை நம்பி உருட்டுவதாகச் சொல்லும் ரோல்20-உம் உண்டு. உங்கள் ஆட்டத்துக்கு இவற்றால் ஒரு வித்தியாசமும் வராது. தப்பு வந்தால், அந்த எண்ணை வாங்கிப் பகடையாக மாற்றும் கடைசி இரண்டு வரி நிரலில்தான் வரும். வார இறுதியில் ஆசைக்கு எழுதிய ரோலர்களில் மூன்று தப்புகளை அடிக்கடி பார்க்கலாம்.

ஒன்று, 0 முதல் 19 வரை ஒரு பின்ன எண்ணை எடுத்து, பக்கத்து முழு எண்ணுக்குத் தள்ளி, 1 கூட்டுவது. பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் 1-க்கும் 20-க்கும் மட்டும் மற்ற எண்களின் பாதி வாய்ப்புதான் கிடைக்கும். 5 சதவீதம் இருக்க வேண்டிய க்ரிட் 2.6 சதவீதமாகச் சுருங்கும். இரண்டாவது நுணுக்கமானது. 0 முதல் 255 வரையான ஒரு பைட்டை 20-ஆல் வகுத்து மீதியை எடுப்பது. 256-ஐ 20-ஆல் வகுத்தால் 16 மிச்சம் வருகிறது. அதனால் 1 முதல் 16 வரையான முகங்களுக்கு 256-இல் 13 வழி, 17 முதல் 20 வரை 12 வழி. இருபது விழும் வாய்ப்பு 4.69 சதவீதம். யாராலும் உணர முடியாது, ஆனால் தப்பு தப்புதான். மூன்றாவதுதான் டேமேஜைக் கெடுப்பது: 2டி6 என்று கேட்டால் இரண்டு பகடை உருட்டிக் கூட்டாமல், 2 முதல் 12 வரை ஏதோ ஒரு எண்ணை எடுத்துக் கொடுப்பது. நிஜமான 2டி6-இல் ஏழு விழ 36-க்கு 6 வாய்ப்பு, பன்னிரண்டு விழ 36-க்கு 1. இந்த ரோலரில் இரண்டுக்கும் சமமாக 11-க்கு 1. சராசரி அதே 7 என்பதால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் வாள் ஒரு அடியில் கொல்லும், அடுத்த அடியில் கீறும்.

நூறு முறை 2டி6 உருட்டிப் பாருங்கள். ஏழு ஏறக்குறைய 17 முறை வர வேண்டும். இரண்டும் பன்னிரண்டும் சேர்ந்து ஐந்தாறு முறை. இரண்டும் பன்னிரண்டும் சேர்ந்து 18 முறை வந்தால் அந்த ரோலரைத் தூக்கிப் போடுங்கள்.

கைப்பகடை மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. வண்ணம் பூசி, இயந்திரத்தில் உருட்டி மெருகேற்றும்போது பகடையின் விளிம்புகள் சமமில்லாமல் தேய்கின்றன. நூறு முகப் பகடையைக் கொண்டுவந்த லூ ஸோக்கி இதைப் பல வருடம் மேடை போட்டுச் சொல்லிவந்தவர். உப்பு நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. உள்ளே பெரிய காற்றுக் குமிழி இருந்தால் காட்டிக்கொடுக்கும், அதற்குமேல் பெரிதாக எதுவும் சொல்லாது. இருபது விழும் வாய்ப்பு 5-இல் இருந்து 6 சதவீதமாகக் கூடியிருக்கிறதா என்று உருட்டியே தெரிந்துகொள்ள வேண்டுமானால் குறைந்தது 2000 முறையாவது உருட்ட வேண்டும். கண்டுபிடித்தாலும் என்ன, நூறு தாக்குதலுக்கு ஒரு க்ரிட் கூடுதல். விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சீட்டு விளையாட்டுகளில் உயிர் எண்ணிக்கைக்கு வைத்திருக்கும் டி20-இல் 20, 19, 18 என்று எண்கள் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். அதைக் கொண்டுவந்து உருட்டுகிறவரைக் கண்டால் பகடையை மாற்றச் சொல்லுங்கள்.

ஆக, நியாயம் என்ற கணக்கில் இரண்டு பக்கமும் சமம்.

ஒரே வாள், ஐந்து க்ரிட்

1974-இல் முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது கத்தியோ கோடாரியோ எதுவானாலும் ஒரு டி6-தான் டேமேஜ். ஆயுதத்துக்கு ஆயுதம் வேறு பகடை என்பது 1975-இல் கிரேஹாக் இணைப்பில்தான் வந்தது. அந்த ஆட்டத்துக்கு ரோலர் கேட்டால் சிரிப்பார்கள். அதற்குப்பின் ஒவ்வொரு பதிப்பும் எண்ணுக்கும் ஹெச்பிக்கும் நடுவில் ஒரு படியைச் சேர்த்துக்கொண்டே வந்தது.

பெரிய வாள், 2டி6+4 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அடி சராசரி 11. க்ரிட் விழுந்தால்?

ஐந்தாம் பதிப்பில் 4டி6+4. சராசரி 18, ஆனால் 8-க்கும் விழலாம், 28-க்கும் ஏறலாம். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் முதலில் இன்னொரு முறை உருட்டி க்ரிட்டை உறுதிசெய்ய வேண்டும். பிறகு மாடிஃபையரோடு சேர்த்து முழு டேமேஜையும் இரண்டு முறை உருட்டிக் கூட்ட வேண்டும். சராசரி 22. பதுங்கித் தாக்குவதற்குக் கிடைக்கும் கூடுதல் பகடைகள் மட்டும் பெருகாது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் (2019) விழுந்த மொத்தத்தை அப்படியே இரண்டால் பெருக்கலாம். அங்கேயும் சராசரி 22தான், ஆனால் இரட்டைப்படை எண்கள் மட்டுமே வரும். 2008-இன் நான்காம் பதிப்பில், மந்திர ஆயுதம் இல்லையென்றால், உருட்டவே வேண்டாம்: உச்ச டேமேஜ், 16. அப்புறம் பல குழுக்கள் வீட்டு விதியாக வைத்திருக்கும் ஒன்று, உச்ச டேமேஜோடு இன்னொரு முறை பகடையை உருட்டிக் கூட்டுவது. 12+2டி6+4, சராசரி 23, குறைந்தபட்சமே 18.

இந்த வீட்டு விதி ஏன் வந்தது என்று ஐந்தாம் பதிப்பு ஆடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டி8+3 அடிக்கும் வாளில் க்ரிட் விழுந்து, எல்லோரும் எழுந்து கத்தி, 2டி8 உருட்டினால் ஒன்றும் இரண்டும். மொத்தம் 6. சாதாரண அடியின் சராசரியே 7.5. இப்படி 7 அல்லது அதற்குக் கீழே போய் விழ நூற்றுக்கு ஒன்பது க்ரிட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு.

இப்போது கருவிக்கு வாருங்கள். நான்காம் பதிப்புக்காரருக்குச் சாதாரண ஆயுதத்தின் க்ரிட்டுக்கு ரோலரே வேண்டாம். உச்ச எண்ணை ஷீட்டில் பென்சிலால் எழுதிவைத்தால் போதும். பாத்ஃபைண்டரில் உருட்டுவதைவிட, அடி பட வேண்டிய இலக்கு எண்ணை 10 தாண்டினோமா என்று பார்ப்பதுதான் வேலை. நேச்சுரல் இருபது (பகடையிலேயே விழும் இருபது) என்பது அங்கே ஒரு படி உயர்வு மட்டும். இதில் ஷீட்டோடு இணைந்த ரோலர் உண்மையிலேயே உதவும். வீட்டு விதி வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான ரோலர்கள் புத்தக விதியைத்தான் தெரிந்து வைத்திருக்கும். அதை மாற்ற ஒரு அமைப்புப் பெட்டி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லையென்றால் க்ரிட் விழும் ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு எண், மனதில் ஒரு எண். அந்தக் குழப்பத்துக்குக் கைப்பகடை எவ்வளவோ மேல்.

மறு உருட்டல் விதிகள் இதைவிடத் தந்திரமானவை. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்புத்தகத்தில் பெரிய ஆயுதச் சண்டைப் பாணி எடுத்தவர், டேமேஜ் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் ஒருமுறை மறுபடி உருட்டலாம். அதனால் 2டி6-இன் சராசரி 7-இல் இருந்து 8.33 ஆகிறது. ரோலரில் இதை எழுதும்போது 'ஒருமுறை மட்டும்' என்பதற்கும் 'நல்ல எண் வரும்வரை' என்பதற்கும் நடுவே பல இடங்களில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்தை விட்டால் சராசரி 9. நாள் முழுக்க யாருக்கும் தெரியாமல் இலவச டேமேஜ் ஓடிக்கொண்டிருக்கும். 2024 திருத்தத்தில் இதை மாற்றி, 1, 2 விழுந்தால் 3 என்று எண்ணிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்; சராசரி சரியாக 8. டேமேஜ் கொஞ்சம் குறைந்தது, ஆனால் மறுபடி உருட்டுவது ஒழிந்தது. கைப்பகடைக்காரர்களின் பக்கத்தில் நின்று எழுதிய திருத்தம் போலத்தான் எனக்குத் தெரிகிறது. 2014 விதியில் கையால் ஆடும்போது ஒவ்வொரு அடிக்கும் "அந்த ஒண்ணை எடு, மறுபடி போடு" என்று இழுக்கும். இப்போது பகடையைப் பார்த்தபடியே கூட்டிவிடலாம்.

மேஜிக் மிஸைல் மந்திரத்தைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. மூன்று அம்பு, ஒவ்வொன்றும் டி4+1. ஒரே டி4 உருட்டி மூன்றுக்கும் பொருத்துவதா, மூன்று டி4 உருட்டுவதா என்பது பழைய சண்டை. இரண்டிலும் சராசரி 10.5தான். ஆனால் ஒரே பகடை என்றால் முழு 15 விழ நாலில் ஒரு வாய்ப்பு. மூன்று பகடை என்றால் 64-இல் ஒன்று. உங்கள் ரோலர் இந்தச் சண்டையில் ஏற்கெனவே ஒரு கட்சி சேர்ந்துவிட்டது, உங்களிடம் சொல்லவில்லை.

மொத்தத்தை மட்டும் காட்டும் கருவி வேண்டாம்

சாதாரண ரோலர்களின் பெரிய குறை இதுதான். எரியும் வாளால் வெட்டுகிறீர்கள்: 2டி6+4 வெட்டு, கூட 2டி6 தீ. ரோலர் 18 என்கிறது. எதிரே நிற்பது சிவப்பு டிராகன். தீ அதன்மேல் வேலை செய்யாது. இப்போது 18-இல் எது தீ? தெரியாது. மறுபடி உருட்ட வேண்டும், அல்லது பாதியாக ஒரு கணக்குப் போட்டு ஒப்பேற்ற வேண்டும். கையில் உருட்டும்போது சிவப்புப் பகடை தீ, வெள்ளைப் பகடை வாள் என்று பிரித்து வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது. நிறம் பிரிப்பது ரொம்பப் பழைய தந்திரம். அடி பட்டதா என்று பார்க்கும் அட்டாக் டி20-ஐயும் டேமேஜ் பகடைகளையும் ஒரே கையில் அள்ளிப் போடுவதும் அப்படித்தான். அதைப் பழகியவர்களின் வேகத்துக்கு ஆப் முந்தாது, நான் பார்த்திருக்கிறேன்.

பாதியாக்கும் விதியில் ஒரு சின்னக் குழி வேறு. வெட்டு 7, தீ 5, இரண்டுக்கும் எதிரிக்கு ரெசிஸ்டன்ஸ் (அந்த வகை டேமேஜ் பாதிதான் விழும்). ஐந்தாம் பதிப்பில் வகைவாரியாகப் பாதியாக்கிக் கீழே தள்ள வேண்டும்: 3-உம் 2-உம், மொத்தம் 5. மொத்தத்தை எடுத்துப் பாதியாக்கினால் 6. ஒரு புள்ளிதானே என்றால், ஆமாம், ஒரு புள்ளிதான். ஒரே ஹெச்பியில் தப்பித்த அரக்கனைப் பற்றி மூன்று வாரம் பேசுகிற ஆட்கள்தானே நாம்.

எண்ணைப் பார்த்தபின் எடுக்கும் முடிவுகள்

முழு ஆட்டோமேஷனை நான் பரிந்துரைக்கத் தயங்குவதற்குக் காரணம் கணக்குப் பிழை இல்லை. அந்தக் கணக்கை நல்ல கருவிகள் சரியாகவே செய்கின்றன. சிக்கல் நேரத்தில் இருக்கிறது.

பல டேமேஜ் விதிகள் நடுவில் ஒரு மனிதர் முடிவெடுக்க இடம் விட்டு எழுதப்பட்டவை. 2014 பலாடின் அடி விழுந்தது தெரிந்தபின் ஸ்மைட் (கூடுதல் டேமேஜ் பகடைகள் தரும் திறன்) போடலாமா என்று முடிவெடுக்கலாம்; க்ரிட் என்று தெரிந்தால் அந்தப் பகடைகளும் இரட்டிப்பாகும் என்பதால் காத்திருந்து போடுவார். மந்திரவாதி தன்மேல் அடி விழுந்தது தெரிந்தவுடன் ஷீல்ட் மந்திரம் போட்டு ஏசியை (எதிரி எட்ட வேண்டிய தற்காப்பு எண்ணை) 5 கூட்டி அந்த அடியைத் தவறவைக்கலாம். ரோக் (பதுங்கித் தாக்கும் வகை வீரர்) ஒரு அடியின் டேமேஜைப் பாதியாக்கிக்கொள்ளலாம். இவை எல்லாம் அட்டாக் ரோலுக்கும் டேமேஜுக்கும் நடுவிலுள்ள அந்த மூச்சு நேரத்தில் நடப்பவை.

ஒரே பொத்தானில் அட்டாக், டேமேஜ் இரண்டையும் உருட்டும் கருவியில் அந்த மூச்சு நேரம் இல்லை. 17, டேமேஜ் 6 என்று ஒன்றாக வந்து விழும். "ஆறுதானா, அப்போ ஷீல்ட் வேணாம்" என்பார் மந்திரவாதி. விதி அவருக்குக் கொடுக்காத தகவலைக் கருவி கொடுத்துவிட்டது. முழு ஆட்டோமேஷன் என்றால் ஹெச்பியே குறைந்திருக்கும். அவர் ஷீல்ட் என்றால் ஜிஎம் பின்னோக்கிப் போய்த் திருத்த வேண்டும். ஒரு சுற்றில் இரண்டு முறை இப்படித் திருத்தினால் கருவி மிச்சப்படுத்திய நேரம் அத்தனையும் போயிற்று. நல்ல கருவிகளில் அட்டாக்கையும் டேமேஜையும் தனித்தனிப் பொத்தானாகப் பிரிக்கும் அமைப்பு இருக்கும். முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். எதிர்வினை எதுவும் இல்லாத முதல் லெவல் குழுவா? அப்போது ஒரே பொத்தான் போதும்.

ஜிஎம் பக்கம் கணக்கு வேறு

வீரர் ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு முறை உருட்டுகிறார். ஜிஎம் எட்டு கோப்லினுக்கு, அதாவது எட்டு குட்டி அரக்கர்களுக்கு, உருட்டுகிறார். அதனால் 'நம் குழுவுக்கு எது' என்று ஒரே பதில் தேடுவதே சரியில்லை.

ஒரே நேரத்தில் பலரை எரிக்கும் ஃபயர்பால் மந்திரம் நல்ல உதாரணம். 8டி6 உருட்ட நேரம் பிடிக்கும் என்று எல்லோரும் ஆப்பை எடுப்பார்கள். உண்மையில் எட்டுப் பகடையைப் பத்துப் பத்தாகச் சேர்த்து எண்ண அரை நிமிடம்கூட ஆகாது. எல்லா எதிரிக்கும் அந்த ஒரே உருட்டல்தான். நேரத்தைத் தின்பது பன்னிரண்டு கோப்லின்களின் சேவிங் த்ரோ, அதாவது பாதி டேமேஜோடு தப்ப ஒவ்வொன்றுக்கும் உருட்டுவது. அந்தப் பன்னிரண்டு டி20-ஐ ஒரே வரியில் உருட்டி, யார் தப்பித்தார் என்று காட்டும் ரோலர் தங்கம். இன்னொன்று, 2014 புத்தகக் கோப்லினுக்கு 7 ஹெச்பி. ஃபயர்பாலின் சராசரி 28. சேவ் செய்து பாதி வாங்கினாலும் 14, அநேகமாகச் செத்ததுதான். சேவ் உருட்டவே வேண்டாம் என்று ஜிஎம் அறிவித்துவிட்டால் எந்தக் கருவியையும்விட வேகம்.

சராசரி டேமேஜும் இங்கேதான் வருகிறது. அரக்கர் பட்டியலில் கோப்லினின் வாளுக்கு 5 என்று போட்டு, அடைப்பில் 1டி6+2 என்று கொடுத்திருப்பார்கள். அந்த 5-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எட்டு கோப்லினின் அட்டாக்கை ஆப்பில் உருட்டி, பட்டவற்றை ஐந்தால் பெருக்கினால் ஒரு சுற்று முடிந்தது. ஒரு இடத்தில் மட்டும் இது ஆட்டத்தின் உயிரை எடுக்கும். 6 ஹெச்பியோடு நிற்கும் வீரருக்கு, ஒரு கோப்லின் அடித்தால் தான் விழமாட்டேன் என்று உறுதியாகத் தெரியும். உருட்டியிருந்தால் படும் ஒவ்வொரு அடியிலும் விழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. பயம் பூஜ்யமாகிவிடுகிறது. நான் செய்வது: வீரரின் ஹெச்பி அந்த அரக்கனின் உச்ச டேமேஜுக்குக் கீழே போனதும் சராசரியை விட்டுவிட்டு உருட்ட ஆரம்பிப்பேன், அதுவும் கையால், எல்லோர் கண் முன்னாலும். பகடையைக் கையில் எடுத்த சத்தத்திலேயே மேசை அமைதியாகும்.

பெரிய பகடைக் குவியல் என்றாலே டிஜிட்டல்தான் என்று நினைக்க வேண்டாம். மீட்டியோர் ஸ்வார்ம் 40டி6. சராசரி 140, மூன்றில் இரண்டு முறை ஏறக்குறைய 129-க்கும் 151-க்கும் நடுவில்தான் நிற்கும். கணக்குப்படி பார்த்தால் உருட்டுவதே வீண். ஆனால் இரண்டு வருடம் ஆடி ஒன்பதாம் படி மந்திரத்தை எட்டியவரிடம் போய்ப் பொத்தானை அழுத்தச் சொல்லாதீர்கள். எல்லோரிடமும் இருக்கும் டி6-ஐ எல்லாம் வாங்கி, இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டட்டும். ஒவ்வொரு சுற்றும் வரும் குவியலுக்கு ஆப், கேம்பெயினுக்கு ஒருமுறை வரும் குவியலுக்குக் கை.

வேறு விளையாட்டுகள் ஆடுகிறீர்களா

வேகமாகச் சொல்கிறேன். ஷேடோரன் மாதிரி பத்துப் பதினைந்து டி6 உருட்டி 5, 6-ஐ எண்ணும் விளையாட்டுக்கு ரோலர்தான். பாதிக்குமேல் ஒன்று விழுந்தால் வரும் தடுமாற்றத்தையும் அது கவனித்துக்கொள்ளும். பிளேட்ஸ் இன் தி டார்க்கில் டேமேஜ் ரோலே கிடையாது. மூன்று நான்கு டி6-இல் பெரியதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். இன்டு தி ஆட், கெய்ர்ன் வழியில் அட்டாக் ரோல் இல்லை, நேராக டேமேஜ்தான். பகடை விழுந்ததுமே அடி விழுந்தது. அந்த வேகத்துக்கு நடுவில் போனைத் திறப்பது அபத்தம்.

வார்ஹாமர் ஃபேன்டஸி நான்காம் பதிப்பு சுவாரசியமானது. ஒரே டி100 உருட்டல் பட்டதா, எவ்வளவு, எங்கே என்று மூன்றையும் சொல்கிறது. விழுந்த எண்ணைத் திருப்பிப் போட்டால் எந்த உடற்பாகம் என்று தெரியும். 07 விழுந்தால் 70, உடம்பு. ஆனால் பல ரோலர்கள் முன்னாலுள்ள பூஜ்யத்தை விழுங்கிவிட்டு வெறும் 7 என்று காட்டும். அதைத் திருப்பத் தெரியாமல் 7 என்றே படித்தால் தலையில் அடி. இரண்டு டி10 கையில் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

சாவேஜ் வேர்ல்ட்ஸில் உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொண்டே போகலாம், டேமேஜிலும். அதில் ஒரு வேடிக்கை: இலக்கு 6 என்றால் டி6-ஐவிட டி4-க்கு வாய்ப்பு அதிகம், 16.7-க்கு எதிராக 18.75 சதவீதம். ரோலரில் ஆடினால் இப்படி வெடிக்கும் பகடைக்கு எந்தக் குறியைப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். ரோல்20-இல் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் வெடித்த ஒவ்வொன்றும் தனிப் பகடையாக நிற்கும்; இரண்டு போட்டால் ஒரே பகடையாகச் சேரும். டேமேஜின் மொத்தம் மாறாது. பெரிய பகடையை மட்டும் எடுக்கும் திறன் சோதனையில் எல்லாமே மாறிவிடும். ஆனாலும் இந்த விளையாட்டை நேரில் ஆடினால் கைதான். ஒரே டி6-இல் ஆறு, மறுபடி ஆறு, மறுபடி ஆறு என்று ஏறுவதைத் திரை ஒரு நொடியில் '20' என்று சொல்லி முடித்துவிடுகிறது.

நம்பிக்கை, மறைப்பு

தொலைவிலிருந்து ஆடும் குழுவில் ஒருவர் வீட்டில் கையால் உருட்டி "பத்தொன்பது" என்று சொன்னால் நம்புவோமா? பழைய நண்பர்கள் என்றால் நம்பலாம். புதிதாகச் சேர்ந்தவர்களோடு என்றால் எல்லோரும் பொதுப் பதிவில் உருட்டுவது அவருக்கும் நல்லது. அடுத்தடுத்து மூன்று க்ரிட் விழுந்தாலும் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஜிஎம் திரைக்குப் பின்னால் டேமேஜைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும் பழக்கம் உள்ளவரா? பொதுப் பதிவு அதைச் செய்ய விடாது. பெரும்பாலான மெய்நிகர் மேசைகளில் ஜிஎம் மட்டும் பார்க்கும் உருட்டல் உண்டு. ஆனால் டேமேஜ் ரோலை மட்டும் திடீரென்று மறைத்தால் எல்லோருக்கும் புரிந்துவிடும். மறைப்பதா இல்லையா என்று கேம்பெயின் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு விஷயம், இதற்குமேல் எதுவும் வாதாட வேண்டியதில்லை: ஒருவருக்குக் கூட்டல் தடுமாறினாலோ, பகடையின் சின்ன எண் கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ, அவருக்கு ஷீட்டோடு இணைந்த ரோலர்தான். மற்றவர்கள் கையால் உருட்டுகிறார்கள் என்பதற்காக அவரும் உருட்ட வேண்டியதில்லை.

சரி, எதை எடுப்பது?

நேரில் கூடி ஐந்தாம் பதிப்பு ஆடும் குழுவுக்கு என் யோசனை: வீரர்கள் கையால், நிறம் பிரித்து. ஜிஎம் கூட்டமாக வரும் அரக்கர்களுக்கு அட்டாக்கையும் சேவையும் ஆப்பில், டேமேஜுக்குச் சராசரி. தொலைவிலிருந்து ஆடுகிறீர்கள் என்றால் ஷீட்டோடு இணைந்த ரோலர், அட்டாக்கும் டேமேஜும் தனிப் பொத்தான்களாக. ஹெச்பி குறைப்பதை மனிதர் கையிலேயே விடுங்கள். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பை உயர்ந்த லெவலில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் முழு ஆட்டோமேஷனை யோசிக்கச் சொல்வேன். அங்கே நிலைமைகளும் மாடிஃபையர்களும் குவிந்து, மனிதக் கணக்கு தப்பும் இடங்கள் நிஜமாகவே அதிகம்.

எதை எடுத்தாலும் முதல் செஷனுக்கு முன் மூன்று சோதனை போடுங்கள். 2டி6+4-ஐக் க்ரிட்டாக உருட்டி, விவரத்தைத் திறந்து, 4 ஒருமுறைதான் கூடியிருக்கிறதா பாருங்கள். அடுத்து, வெட்டு 7, தீ 5, எதிரிக்குத் தீ ரெசிஸ்டன்ஸ் மட்டும் என்று கொடுத்தால் 9 வர வேண்டும். 6 வந்தால் வகை பார்க்காமல் பாதியாக்குகிறது. மூன்றாவது, மந்திரத்தில் கவனம் வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரே அடியில் 26 கொடுங்கள், கவனம் கலையாதிருக்க உருட்டும் ரோலுக்கு டிசி (எட்ட வேண்டிய எண்) 13 கேட்க வேண்டும். அதே 26-ஐப் பதிமூன்று பதிமூன்றாக இரண்டு அடியில் கொடுத்தால், டிசி 10-இல் இரண்டு தனி ரோல்கள் கேட்க வேண்டும்.

இப்போது நாங்கள் பயன்படுத்தும் கருவி முதல் இரண்டில் தேறிவிட்டது. மூன்றாவதில் இரண்டு அடியையும் சேர்த்து ஒரே ரோல் கேட்கிறது. அதனால் கவன ரோலை மட்டும் கையால் உருட்டுகிறோம். பலாடினின் மேக்ரோவைத் திருத்தியாயிற்று. இந்த முறை எழுதியது நானில்லை.